கூடாரத்தக்காவின் நெருப்பு மலை

புது இடம் எதற்குப் போனாலும் அந்த அக்கா முதலில் குனிந்து உள்ளங்கையை நிலத்தில் வைப்பார். காய்ச்சல்காரப் பிள்ளையின் நெற்றியைத் தொடுவதுபோலக் கொஞ்ச நேரம் வைத்திருப்பார். பிறகு நிமிர்ந்து, "இருக்கலாம்" என்பார். அல்லது, "இவடத்த இருந்தா இடுப்பு நோகும், அங்கால போவம்" என்பார். கலியாண வீட்டிலும் செய்வார், கோயில் வீதியிலும் செய்வார். ஒருமுறை செத்த வீடொன்றில் கை வைத்துப் பார்த்துவிட்டு நல்ல நிலம் என்று அவர் தலையாட்ட, அழுதுகொண்டிருந்த பெண்கள் அழுகையை நிறுத்திவிட்டு அவர் பக்கத்தில் வந்து இருந்துகொண்டார்கள்.

அவருடைய பெயரை நான் எழுதப் போவதில்லை. ஊரில் யாரும் அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டதும் இல்லை. முகத்துக்கு முன்னால் அக்கா, முதுகுக்குப் பின்னால் கூடாரத்தக்கா.

அப்போது நான் பனிச்சங்கேணியில் இருந்தேன். பட்டா என்று எல்லாரும் சொல்லும் சின்ன லொறி ஒன்றில் மீன் பெட்டிகளை வாழைச்சேனைக்கு ஏற்றி இறக்குவதுதான் தொழில். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் முடிந்தது. பேச்சு எனக்கு வராது. வாய் திறக்காத ஆளிடம் எல்லாரும் வந்து பேசுவார்கள் என்பதை அந்த ஊரில்தான் படித்தேன். எங்கள் பக்கத்தில் கலியாணம் முடித்தால் ஆண்தான் பெண் வீட்டுக்குப் போவான். நான் பிந்தித்தான் முடித்தேன். முடித்த கையோடு வாழைச்சேனைக்கு வந்துவிட்டேன். அக்காவைப் பார்த்துக் கனகாலம்.

சவுதியில் பல வருடம் வீட்டு வேலை செய்துவிட்டு அவர் திரும்பி வந்த அன்று, வான் வண்டியிலிருந்து பெட்டி இறக்க என்னைத்தான் கூப்பிட்டார்கள். கம்பளி வரும், சென்ட் போத்தல் வரும் என்று இனசனம் எல்லாம் சுற்றி நின்றது. அக்கா பெட்டியைத் திறந்து முதலில் எடுத்தது மடித்த கூடாரம். அதற்குக் கீழே துவாயில் சுற்றிய கறுத்த கல் ஒன்று. ஆப்பத்தைக் கருக விட்டதுபோல அதன் உடம்பெல்லாம் ஓட்டை.

"இது என்னகா?" என்றாள் அவருடைய மச்சாள்.

"கல்லு."

"கல்லெண்டு தெரியிது. நம்மட ஊரில கல்லில்லையெண்டா பிளேன்ல ஏத்திக்கொண்டு வந்த?"

"இது நெருப்பு மலை கக்கின கல்லு புள்ள."

"அப்ப எனக்கு என்ன கொண்டு வந்த?"

"நீயும் தொட்டுப் பாரன்."

மச்சாள் தொடவில்லை. அன்றிலிருந்து ஒரு மாதம் அந்த வீட்டுப் படலையைத் திறக்கவும் இல்லை.

அந்தக் கல்லின் கதையை அக்கா யாரிடமும் சொல்வார். குழாயடியில் சொல்வார், மீன் வாங்கும்போது சொல்வார். அவர் வேலை செய்த வீட்டுக்காரர்கள் குளிர்காலம் வந்தால் வீட்டுக்குள் இருக்கமாட்டார்களாம். "காரெல்லாம் நிறைய ஆடு, அரிசி, பாய், பிள்ளையள், நான். விடிய வெளிக்கிட்டாப் பொழுதுபட மட்டும் ஓட்டம். மறுகா றோட்டு முடியும். அதுக்கங்கால முழுக்கக் கறுப்பு. நம்மட கடல் கொதிச்சு, கொதிச்ச அலை அப்படியே உறைஞ்சு நிண்டா எப்படி இருக்கும்? அப்படி. செருப்பில்லாமக் கால் வைக்க ஏலா, கிழிச்சுப் போடும்." அரபுக்காரர் அதை ஹர்ரா என்பார்களாம். நடுநடுவே மலைகள். உச்சியில் பானை வாயைப்போல ஒரு குழி.

"எட்டிப் பாத்தா உள்ளுக்க என்ன தெரியும்?" என்று ஒரு நாள் மீன்காரர் கேட்டார்.

"மண்ணு."

"நெருப்பு?"

"நெருப்பு எப்பவோ அணைஞ்சிற்றாம். ஆனா அடுப்பு இருக்குத்தானே."

மீன்காரர் சிரித்துவிட்டார். அக்காவும் சேர்ந்து சிரித்தார். தன்னைப் பார்த்துச் சிரிக்கிறார்கள் என்பது அவருக்கு ஒரு பொருட்டே இல்லை. நம்முடைய நிலத்துக்குக் கீழேயும் நெருப்பு இருக்கிறது என்பது அவருடைய நம்பிக்கை. மகா ஓயாவில் சுடுதண்ணிக் கிணறுகள் இருக்கின்றன, அடுப்பில்லாமல் தண்ணி சுடுமா? குடும்பிமலை தனியாக எழும்பி நிற்கிறது, அது நெருப்பு மலை இல்லாமல் வேறென்ன? போய்க் கை வைத்துப் பார்க்கவேண்டும் என்று சொல்லிக்கொண்டே இருந்தார்.

சவுதிக் காசில் அவர் கட்டிய கல்வீடு, ஒரே மகளின் கலியாணத்துக்குச் சீதனமாகப் போனது. எங்கள் பக்கத்தில் எல்லாத் தாய்மாரும் செய்வதுதான். கொடுத்த பிறகு தாய் பின்வளவில் கொட்டில் போட்டு இருப்பாள், இல்லையென்றால் குசினிப் பக்கம் ஒதுங்குவாள். அக்கா, பந்தல் பிரித்த அன்றே வளவின் கடைசியில், வாவிக்கரைப் பூவரசுக்குக் கீழே, கூடாரத்தை அடித்துவிட்டார். அதற்குள் பாய், தலையணை, ஒரு தண்ணிக் குடம். வாசலில் மூன்று கல் வைத்த அடுப்பு. காலையில் ஏலக்காய் போட்ட தேத்தண்ணியோடு வாவியைப் பார்த்து இருப்பார். வேலி தாண்டி வரும் மாடுகளை "யல்லா! யல்லா!" என்று அரபில் விரட்டுவார். மாடுகளும் போகும்.

மருமகனுக்கு ஊர் கதிரவெளி. பாசிக்குடா ஹோட்டல் ஒன்றில் விருந்தாளிகளின் அறைகளுக்குக் கட்டில் விரிக்கிற வேலை. நல்ல பொடியன், வெட்கப்படுகிறவர். மாமியார் முகம் பார்த்து மருமகன் கதைப்பதில்லை என்ற பழைய முறையை அந்த வீட்டில் இரண்டு பேரும் விடவில்லை. ஆனால் கதைக்க விஷயம் நிறைய இருந்தது. அதனால் பக்கத்து வளவில் லொறியோடு நின்ற நான் நடுவில் மாட்டிக்கொண்டேன்.

ஒரு காலையில் லொறிக்குத் தண்ணி ஊற்றிக்கொண்டிருந்தேன். மருமகன் வேலியடிக்கு வந்தார். அக்கா கூடார வாசலில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். சத்தம் போடாமல் பேசினாலே ஒருவருக்கொருவர் கேட்கும்.

"அண்ணன், மாமியிட்டச் சொல்லுங்க. எனக்கு ஊருக்குள்ள தலை நிமித்த ஏலாமக் கிடக்கு. மாமியார வீட்ட விட்டுத் துரத்திற்றான் எண்டு கதைக்காங்க. கதிரவெளியில என்ட அம்மாவே கேக்கா."

நான் அக்காவின் பக்கம் திரும்பி வாயைத் திறக்குமுன் பதில் வந்தது.

"தம்பி, அவருக்குச் சொல்லு. என்னப் பாத்தாத் துரத்திவிட்ட ஆள் மாதிரியா இருக்கு? நம்மட ஆக்கள் வயல் வட்டையில வாடி போட்டுக் காவல் கிடந்தா அது வேலை. பாசிக்குடாவில வெள்ளைக்காரி கூடாரத்தில படுத்தா அது சுற்றுலா. நான் படுத்தா மட்டும் விசரா?"

"வெள்ளைக்காரிக்கு மருமகன் இல்லையெண்டு சொல்லுங்க அண்ணன்."

"இருந்தா அவன் வந்து கயிறு இழுத்துக் கட்டிக் குடுப்பான் எண்டு சொல்லு தம்பி."

நான் தலையை இரண்டு பக்கமும் திருப்பியதைத் தவிர ஒன்றும் செய்யவில்லை.

மருமகனுக்கு முகம் சிவந்துவிட்டது. "முடிவாச் சொல்லுங்க அண்ணன். இந்த மாசத்துக்குள்ள கூடாரத்த மடிக்கணும். இல்லாட்டி நான் பொஞ்சாதியக் கூட்டிற்று அம்மா வீட்ட போயிருவன்."

வெங்காயம் உரிக்கும் கை நின்றது. சீதன வீட்டைப் பூட்டிவிட்டுப் பெண்ணைத் தன் தாய் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போன மாப்பிள்ளையை எங்கள் பக்கத்தில் யாரும் கேள்விப்பட்டதில்லை. அப்படி நடந்தால் அந்த வீடு கட்டியதற்கே அர்த்தமில்லை. மகள் உள்ளே கதவோரம் நின்று அழுதாள்.

அக்கா கையைத் துடைத்துக்கொண்டு எழுந்து வந்தார். என்னைப் பார்த்துத்தான் சொன்னார்.

"தம்பி, ஒருக்கா என்னோட வரச் சொல்லு. புள்ளையும் வரட்டும். மகா ஓயாவுக்கும் குடும்பிமலைக்கும் போவம். கூடாரத்தில தங்கிற எண்டா என்னெண்டு அவரும் பாக்கட்டும். திரும்பி வந்த பொறகும் மடிக்கச் சொன்னா மடிக்கிறன். மறுகா இந்த வாயால அதப்பத்தி ஒரு கதை வராது."

மருமகன் பூவரசைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"லீவு கேட்டுப் பாக்கிறன் எண்டு சொல்லுங்க."

லொறியை நான் சோப்புப் போட்டுக் கழுவினேன். இருந்தும் மீன் மணம் போகவில்லை. அக்காவின் மகளுக்கு வாகனத்தில் போனால் வயிற்றைப் பிரட்டும், அதனால் அவள் ஜன்னலோரம். நடுவில் மருமகன். அக்கா பின்னால், பானை சட்டி, பாய், கூடாரம், கறுப்புக் கல் எல்லாவற்றுக்கும் நடுவில், தேர் ஏறினவர் மாதிரிக் காலை நீட்டி இருந்துகொண்டார். நிறுத்தவேண்டும் என்றால் லொறியின் தலையில் தட்டுவார்.

செங்கலடியில் திரும்பிக் கரடியனாறு தாண்டும் வரைக்கும் அவர் தட்டிக்கொண்டேதான் வந்தார். மேற்கிலிருந்து கச்சான் காற்று வீசும் காலம். அறுவடை முடிந்த வட்டையெல்லாம் மஞ்சளாய்க் கிடந்தது. ஒரு பாலத்தடியில் இறங்கிக் கை வைத்தார். ஒரு பாறையடியில் இறங்கிக் கை வைத்தார். புல்லுமலையில் ஒரு தேத்தண்ணிக் கடை வாசலில் கை வைத்தபோது கடைக்காரர், "என்னம்மா துலைச்ச?" என்று தானும் குனிந்து தேடத் தொடங்கிவிட்டார்.

"அண்ணன், இப்படியே போனா மகா ஓயாவுக்குப் பொங்கலுக்குத்தான் போவம் எண்டு சொல்லுங்க" என்றார் மருமகன்.

பின்னாலிருந்து குரல் வந்தது. "கேட்டிச்சு, கேட்டிச்சு. பொங்கல் எண்டாலும் அரிசி கொண்டுதான் வந்திரிக்கன்."

மகள் சிரித்தாள். அந்தப் பயணத்தில் அவள் சிரித்த முதல் சிரிப்பு அது.

மகா ஓயாக் கிணறுகள் பெரிய அதிசயமாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டு போனால் ஏமாற்றமாயிருக்கும். வெளியான இடத்தில் தாழ்வான சீமெந்துக் கட்டுக் கட்டிய சின்னக் கிணறுகள். ஒவ்வொன்றிலும் தண்ணிக்கு ஒவ்வொரு சூடு. ஆனால் அக்கா அதைப் பார்த்தபோது கண்ணில் தண்ணி நின்றது. ஒவ்வொரு கட்டாக உட்கார்ந்து விரல் நனைத்துப் பார்த்தார். கடைசிக் கிணற்றில் விரல் வைத்து, "உம்மாடி!" என்று இழுத்துக்கொண்டு, கையை உதறியபடி, எங்களைப் பார்த்து அப்படி ஒரு சிரிப்புச் சிரித்தார்.

பக்கத்தில் பெட்டிக்கடை வைத்திருந்த சிங்கள ஐயாவிடம் கூடாரம் அடிக்க இடம் கேட்கவேண்டும். சந்தோசத்தில் அக்கா கைகளை ஆட்டி என்னவோ கேட்டார். ஐயா சிங்களத்தில் என்னவோ சொல்லித் தன் கடைக்குப் பின்னால் இருந்த மரநிழலைக் காட்டினார்.

"அம்மா, நீங்க கேட்டது அறபு" என்றாள் மகள்.

"அதால என்ன? இடம் கிடைச்சிற்றே."

பிறகு முட்டை. வீட்டிலிருந்து வரும்போதே முட்டைகளைத் தவிட்டுக்குள் புதைத்துக்கொண்டு வந்திருந்தார். அவற்றைத் துணியில் கட்டி, கயிற்றில் தொங்கவிட்டு, ஆகச் சூடான கிணற்றுக்குள் இறக்கினார். "அவிஞ்சு வந்தா, கீழ நெருப்பு இரிக்கெண்டு அருத்தம். அதுக்குப் பொறகு ஊரில ஒருத்தரும் சிரிக்கக்கூடா." நாங்கள் காத்திருந்தோம். சோறு ஆக்கிச் சாப்பிட்டோம். திரும்பவும் காத்திருந்தோம். வெயில் சரிந்தபோது அக்கா முட்டையை எடுத்து, எல்லாரும் பார்க்கக் கோப்பையில் உடைத்தார்.

வெள்ளைக்கரு கஞ்சி மாதிரி வழிந்தது. மஞ்சள் மட்டும் கொஞ்சம் இறுகி நின்றது.

அக்கா கோப்பையையே பார்த்துக்கொண்டிருந்தார். மருமகன் மெதுவாக அதை எடுத்தார். உப்பும் மிளகும் தூவினார். ஒரே மடக்கில் குடித்தார்.

"அண்ணன், மாமியிட்டச் சொல்லுங்க. எங்கட ஹோட்டல் குசினியில இப்படி ஒரு முட்டை வரவேணுமெண்டு பெரிய சமையக்காரர் காலையில இருந்து மெனக்கெடுறவர்."

"அப்ப அவிஞ்சதா அவியல்லையா எண்டு கேளு தம்பி."

"பாதி எண்டு சொல்லுங்க."

"பாதி நெருப்பெண்டாலும் நெருப்புத்தான்" என்றார் அக்கா. மற்ற முட்டைகளையும் நாங்கள் அப்படியே குடித்தோம். கடைக்கார ஐயாவுக்கும் ஒன்று கொடுத்தோம்.

அன்று தாயும் மகளும் கூடாரத்துக்குள் படுத்தார்கள். மருமகன் என்னோடு லொறிக்குப் பின்னால் படுத்துக்கொண்டார், உள்ளே வரமாட்டேன் என்று பிடிவாதம். ஆனால் படுக்க முன்னமே ஒன்று நடந்தது. அக்கா முகம் கழுவப் போன நேரம், மருமகனுக்குக் கை சும்மா இருக்கவில்லை. கூடாரத்துக்குள் தலையை விட்டு, சுருங்கிக் கிடந்த விரிப்பை இழுத்து, நான்கு பக்கமும் மடித்துச் சொருகி, ஒரு சுருக்கமில்லாமல் செய்துவிட்டு வெளியே வந்துவிட்டார். அக்கா வந்து பார்த்தார்.

"தம்பி, இத விரிச்சது ஆரு?"

நான் மருமகனைப் பார்த்தேன். அவர் மரத்தைப் பார்த்தார்.

"நல்லா இரிக்கெண்டு சொல்லு. மெத்தைக்குப் போடுற விரிப்பு மாதிரிப் போட்டிரிக்கார், இது பாய்."

விடிந்ததும் வந்த வழியே திரும்பி, செங்கலடிக்கு வந்து, கிரானில் மேற்கே இறங்கினோம். குடும்பி என்றால் குடுமி; அதை முடிந்து வைத்தது போல நிற்பதால்தான் அந்த மலைக்குக் குடும்பிமலை என்று பெயர். அந்தப் பக்கம் யானை வரும். அதனால் மாட்டுப் பட்டிக்காரர்களின் இருப்பிடத்துக்குப் பக்கத்தில் கூடாரத்தை அடித்தோம். அவர்கள் கொடுத்த எருமைத் தயிரைச் சட்டியோடு வைத்துக்கொண்டு இருந்தபோது, வயதான பட்டிக்காரர் ஒருவர் அக்காவைக் காட்டி மருமகனிடம் கேட்டார்.

"அது ஆரு மகன்? நிலத்தத் தடவிக்கொண்டு திரியிறா?"

மருமகன் கொஞ்சம் தயங்கினார். "என்ட மாமியார்."

"கூடாரம்?"

"அதுவும் மாமிடதான்."

பட்டிக்காரர் பெருமூச்சு விட்டார். "குடுத்து வெச்ச ஆள் நீ. என்ட மாமி வீட்ட விட்டு ஒரு அடி வெளிய வைக்கமாட்டா. நாந்தான் இஞ்ச மாட்டோட கிடக்கன்."

மகள் தயிர்ச் சட்டியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள். மருமகனும் சிரிக்கப் பார்த்தார், அடக்கிக்கொண்டார்.

மலையில் அக்காவோடு நான்தான் ஏறினேன். மருமகன் கொஞ்சம் பின்னால் வந்து, ஒரு பாறைக்கு அந்தப் பக்கம் இருந்து சாரத்தில் ஒட்டிய முள்ளைப் பிடுங்கிக்கொண்டிருந்தார். அக்கா கறுப்புக் கல்லை முந்தானையில் கட்டிக்கொண்டு வந்திருந்தார். மலைப்பாறையில் உள்ளங்கை வைத்தார். கன்னத்தை வைத்தார். கறுப்புக் கல்லைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். நம்முடைய பாறை சாம்பல் நிறம், வழவழப்பு, ஒரு ஓட்டை இல்லை.

"தம்பி, இது வேற கல்லு" என்றார். குரல் இறங்கிப் போயிருந்தது. "இது எரிஞ்சதில்ல. இந்தச் சூடு வெயில் சூடு."

எனக்கு அவரைப் பார்க்கப் பாவமாயிருந்தது. வராத பேச்சை வரவழைத்து, "ஊரில சொல்லாம விடுங்க அக்கா" என்றேன்.

"ஏன் சொல்லாம? எரியாத மலையிலயும் போய்ப் படுத்தன் எண்டு சொல்லுவன்." சிரித்துவிட்டார். அவருடைய சோகம் அவ்வளவுதான் நிற்கும். பிறகு கீழே, பட்டிக்குப் பக்கத்தில் சின்னதாகத் தெரிந்த கூடாரத்தைப் பார்த்துக்கொண்டு இருந்தார்.

"என்னத் துரத்திற்றாங்க எண்டு ஊர் சொல்லுது. அந்த வீட்டுக்குள்ள நான் ஒரு நாளும் படுத்ததில்ல தம்பி. தெரியுமா? குடுக்கிற வீடு புதுசா இரிக்கணும் எண்டு பூட்டியே வெச்சிருந்தன். துரத்திறதுக்கு உள்ளுக்க இருந்தாத்தானே? சவுதியில வீட்டுக்குள்ள எண்டா ராவும் பகலும் கூப்பிடுவாங்க. அந்தக் கறுப்பு வெளிக்குப் போனா மட்டும், எனக்கெண்டு ஒரு சின்னக் கூடாரம். அதுக்குள்ள பூந்திற்றா ஒருத்தரும் கூப்பிடமாட்டாங்க. ஊருக்கு வெளிக்கிடக்குள்ள அந்த வீட்டு மேடம், உனக்கு என்ன வேணுமெண்டு கேட்டா. இதத்தான் கேட்டன்."

பாறைக்கு அந்தப் பக்கம் முள் பிடுங்கும் சத்தம் நின்றிருந்தது. அக்காவுக்கு அது தெரியாது. எனக்குத் தெரிந்தது, நான் சொல்லவில்லை.

அடுத்த நாள் கூடாரத்தை மருமகனே பிரித்தார். கம்பிகளைத் துடைத்து, துணியை மூலைக்கு மூலை சரியாக மடித்து, கயிற்றைச் சுற்றி லொறியில் வைத்தார். அவர் இன்னும் ஒரு பதிலும் சொல்லவில்லை. அக்கா கேட்கவும் இல்லை. வழியில் எங்கேயும் லொறியின் தலையில் தட்டவும் இல்லை. மகள் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். வாழைச்சேனை தாண்டி, வடக்கே ஓடி, எங்கள் ஒழுங்கை வரும் இடத்தில் நான் வேகத்தைக் குறைத்தேன்.

"கிறுக்காதீங்க அண்ணன்" என்றார் மருமகன். "திருப்பாம நேர விடுங்க."

"எங்க?" என்றாள் மகள்.

"கதிரவெளிக்கு. அம்மா வீட்ட."

அவள் என்னைப் பார்த்தாள். நான் றோட்டைப் பார்த்தேன். பின்னால் தட்டும் சத்தம் கேட்டது. "தம்பி, ஒழுங்கை போயிற்று!" பிறகு தட்டவில்லை. கண்ணாடியில் பார்த்தேன். அக்கா மடித்த கூடாரத்தின் மேல் கையை வைத்துக்கொண்டு, போன வழியைப் பார்த்து இருந்தார். வாகரை வந்தது, போனது. மகள் சத்தமில்லாமல் அழத் தொடங்கியிருந்தாள். மருமகன் அதையும் கவனிக்காமல் உதட்டைக் கடித்துக்கொண்டு, என்னவோ கணக்குப் போடுகிறவர் மாதிரி இருந்தார்.

கதிரவெளியில் அவருடைய தாயின் வீட்டுப் படலை தெரிந்தது.

"இவடத்த நிப்பாட்டாதீங்க. அங்கால, கரையில, அந்த வெளி மணலுக்கு விடுங்க."

நிறுத்தியதும் இறங்கினார். பின்னால் போய்க் கூடாரத்தை இழுத்தார். அக்கா கையை எடுக்கவில்லை. இரண்டு பேரும் ஆளுக்கொரு முனையில் பிடித்துக்கொண்டு நின்றார்கள். அதற்குள் தோணியடியில் நின்ற ஆட்களும், வேலியோரம் நின்ற பெண்களும் கூடிவிட்டார்கள். தேங்காய்ப் பாதி ஒன்றைக் கையில் பிடித்தபடி மருமகனின் தாயும் ஓடி வந்தார்.

"என்ன மனே இது? என்ன நடந்த?"

மருமகன் அக்காவின் முகத்தைப் பார்த்தார்.

"மாமி, காத்து எங்கால இருந்து வருது? வாசல எந்தப் பக்கம் வைக்கிற?"

அக்கா வெட்கத்தில் முந்தானையை இழுத்து முகத்தை மறைத்துக்கொண்டார். என்னைப் பார்த்தார். நான் கடலைப் பார்த்தேன். சேலைக்குள்ளிருந்து குரல் வந்தது.

"கச்சான் காத்து, கரையால வருது. வாசலக் கடலுக்கு வைங்க மகன்."

கையை எடுத்துவிட்டார்.

மருமகன் கம்பியை நட்டார், கயிற்றை இழுத்தார், முளை அடித்தார். நாங்கள் யாரும் உதவிக்குப் போகவில்லை, அவர் போகவிடவும் இல்லை. மகள் அழுகையும் சிரிப்புமாய் லொறியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"ஊர் பாக்க மாமியார மணலில படுக்க வைக்கப் போறியா?" என்றார் தாய்.

"ஓம். கேக்கிற ஆக்களுக்குச் சொல்லுங்க அம்மா. இது என்ட மாமிட வீடு. நாந்தான் நட்ட."

தாய் கூட்டத்தைப் பார்த்தார், கூடாரத்தைப் பார்த்தார். "அப்படி என்னதான் இதுக்குள்ள இரிக்கெண்டு பாப்பம்" என்று தேங்காய்ப் பாதியை என் கையில் தந்துவிட்டு, குனிந்து உள்ளே போனார்.

வெளியே வரவில்லை.

"சம்மந்தி?" என்று கூப்பிட்டார் அக்கா.

"படுத்திரிக்கன்" என்றது உள்ளே குரல். "கடல் தெரியிது. நீங்களும் வாங்களன்."

அக்காவும் குனிந்து உள்ளே போனார். கொஞ்ச நேரம் குசுகுசு. பிறகு இரண்டு பேரும் சேர்ந்து சிரிக்கும் சத்தம். வாசலுக்கு வெளியே இரண்டு சோடிக் கால்கள் மட்டும் தெரிந்தன. மகள் தேத்தண்ணி போட்டுக்கொண்டு வந்து உள்ளே நீட்டினாள்.

"மனே," என்றார் மருமகனின் தாய், "உன்ட மாமி போகக்குள்ள போகட்டும். இத இஞ்ச விட்டிற்றுப் போகச் சொல்லு."

"அது ஏலா சம்மந்தி. வேணுமெண்டா நீங்களும் வாங்க. அடுத்தது திருக்கோணமலைக் கன்னியா. அங்கயும் சுடுதண்ணிக் கிணறு. முட்டை கொண்டு போவம்."

"எப்ப?"

"நாளைக்கு வெள்ளன."

"நாளைக்கு எனக்கு வேலை இரிக்கு மாமி" என்றார் மருமகன்.

"உன்ன ஆரு கூப்பிட்ட?" என்றன இரண்டு குரல்களும்.

நான் தேங்காய்ப் பாதியை மகளிடம் கொடுத்துவிட்டு, எண்ணெய் போதுமா என்று பார்க்க லொறியடிக்குப் போனேன்.